காத்திருத்தலும் நம்புதலும்

ஸ்பானிய மொழியில் ‘எஸ்பெரார்’ என்று ஒரு வினைச்சொல் உண்டு. பேருந்துக்குக் காத்து நிற்பவர் தம் செயலை இச்சொல்லால் குறிப்பார். நோயுற்ற மகன் பிழைத்தெழுவான் என நம்பும் தந்தைக்கும், தேர்வு முடிவை எதிர்பார்க்கும் மாணவனுக்கும் இதுவே சொல். ஒரு பெண் கருவுற்றிருக்கிறாள் என்பதையும் இவ்வினையாலேயே சொல்வர். மருத்துவமனையில் நோயாளிகள் காத்திருக்கும் அறை ‘சாலா தே எஸ்பெரா’, நம்பிக்கையோ ‘எஸ்பெரான்சா’. ‘எஸ்பெரோ கே வெங்கா’ என்றால், அவர் வருவாரென நம்புகிறேன் என்பது பொருள். இடையில் ‘ஆ’ என்னும் ஓரெழுத்தைச் சேர்த்துவிட்டால், அவர் வரும்வரை காத்திருக்கிறேன் என்றாகிவிடும். இரு பொருளுக்கும் இடையே அவ்வளவுதான் தொலைவு!

தமிழில் இவை தனித்தனிச் சொற்கள். காத்திருத்தலில் காவல் இருக்கிறது. எதிர்பார்த்தலில் வழிமேல் வைத்த விழி இருக்கிறது. நம்புதல் இரண்டினின்றும் வேறு. எனினும் முல்லைத் திணைக்கு ‘இருத்தல்’ என உரிப்பொருள் வகுத்த நம் முன்னோர், தலைவன் சொல்லை நம்பி ஆற்றியிருப்பதையே அச்சொல்லால் குறித்தனர். அவ்வாற்றல் அழிந்த நிலை இரங்கல். அது நெய்தலுக்கு உரியது. ஆக, நம்பிக்கை இல்லாத காத்திருப்பை நம்மவரும் வேறாகவே எண்ணினர் எனலாம்.

நம்பிக்கை அற்ற பின்னும் ஒருவர் காத்திருத்தல் கூடுமா? கூடுமெனில், அதற்கு என்ன பெயர்?

கொலம்பிய எழுத்தாளர் கார்சியா மார்க்கேஸ் 1961இல் நூலாக வெளியிட்ட குறுநாவலில் முதிய படைத்தலைவர் ஒருவர் வருகிறார். வெள்ளிதோறும் அஞ்சல் படகை எதிர்நோக்கித் துறைக்குச் செல்கிறார். வரவேண்டிய ஓய்வூதியக் கடிதம் பதினைந்து ஆண்டுகளாக வரவில்லை. அவர் நம்புகிறாரா, வழக்கத்தால் நடக்கிறாரா? அவரைப் பேதை என நகைப்பது எளிது. வாக்களித்துவிட்டு வாளாவிருக்கும் அரசைப் பற்றியன்றோ நாம் முதலில் கேட்கவேண்டும்!

கதையினும் கொடியது வரலாறு. 1976இல் அர்ஜென்டினாவில் படைத்தலைவர்கள் ஆட்சியைக் கைப்பற்றினர். பல்லாயிரவர் பிடித்துச் செல்லப்பட்டு மறைந்தனர். 1977 ஏப்ரல் 30 அன்று, மக்களை இழந்த 14 அன்னையர் தலைநகரின் மே சதுக்கத்தில் கூடினர். கூட்டமாக நிற்கக் கூடாது, நகருங்கள் என்றனர் காவலர். அன்னையர் நகர்ந்தனர், சதுக்கத்தின் நடுவிலுள்ள நினைவுச் சின்னத்தைச் சுற்றிச் சுற்றி நடந்தனர். பின்னர் வியாழன்தோறும் அந்நடை தொடர்ந்தது. காத்திருத்தல் என்றால் கைகட்டி இருத்தல் என்று யார் சொன்னது?

1983இல் மக்களாட்சி மீண்டது, பிள்ளைகள் மீளவில்லை. 1986இல் அன்னையர் இயக்கம் இரண்டாயிற்று. காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று, புதைகுழிகளைத் தோண்டி எலும்புகளை அடையாளம் காண்பதா என்பது. ஒரு சாரார் மறுத்தனர். குற்றவாளிகள் தண்டிக்கப்படுமுன் எலும்பை ஏற்றுக்கொண்டால் கணக்கு முடிந்ததாகிவிடும் என அஞ்சினர். மறுசாரார் பிள்ளையின் எலும்பையேனும் கண்டு அடக்கம் செய்ய விழைந்தனர். முன்னவர் வீண் நம்பிக்கையில் உழன்றனர் என்றோ, பின்னவர் நம்பிக்கையைத் துறந்தனர் என்றோ கூறுதல் பொருந்தாது என்பது என் கருத்து. மகன் வருவான் என்றிருந்த நெஞ்சு நீதி வரும் என்றிருக்கப் பழகியது. எதிர்நோக்கிய பொருள் மாறிற்று, வினை மாறவில்லை.

பிடிபட்ட பெண்களுள் கருவுற்றிருந்தோரும் பலர். சிறையில் அவர்கள் ஈன்ற குழந்தைகள் வேறு குடும்பங்களுக்குத் தரப்பட்டன. அப்பேரக் குழந்தைகளைத் தேடும் பாட்டிமார் 1977இலேயே தனி அமைப்பு கண்டனர். மரபணுச் சோதனையின் துணையால் இதுவரை 130க்கும் மேற்பட்டோர் யாரென அறியப்பட்டுள்ளனர். மகள் கருவுற்றிருந்ததற்கும், தாய் வாயிலில் காத்து நின்றதற்கும், இன்றும் நம்புவதற்கும் அவர்கள் மொழியில் சொல் ஒன்றே. தேடப்படுவோர் இன்று 40 வயதைக் கடந்தவர்கள். தம்மை ஒருவர் தேடுகிறார் என்பதே அவர்களுள் பலருக்குத் தெரியாது.