வாட்ஸனின் காயம்

மைவாந்த் போரில் வாட்ஸனுக்குக் குண்டு பட்ட இடம் எது? 1887இல் வெளிவந்த முதல் ஹோம்ஸ் நாவலில் தோள். 1890இல் வந்த இரண்டாவதில் அந்தப் பழைய காயம் காலில் இருந்து வலிக்கிறது. இதனால் வாட்ஸன் நமக்கு அந்நியமாகிவிடவில்லை. அவருடைய விசுவாசமும் வியப்பும் இடம் மாறவில்லை. தகவல் பிசகியது, ஆள் பிசகவில்லை.

அப்படியானால் பாத்திரங்களின் விவரங்களைக் கணினியில் பதிந்து காப்பது வெறும் குமாஸ்தா வேலை என்று தள்ளிவிடலாமா? நான் அவ்வளவு தூரம் போகமாட்டேன்.

'மாஸ் எஃபெக்ட்' என்ற கணினி விளையாட்டில் (2007) ரெக்ஸ் என்றொரு போர்வீரன் வருகிறான். அவன் சாவதும் பிழைப்பதும் ஆடுகிறவர் கையில். அந்தத் தீர்மானம் ஒரு கோப்பில் பதிவாகிறது. 2010இல் வந்த இரண்டாம் பாகத்துக்கு அந்தக் கோப்பை எடுத்துச் சென்றால், பிழைத்தவன் தன் குலத்தின் தலைவனாக நம்மை வரவேற்கிறான். செத்திருந்தால் அந்த ஆசனத்தில் அவன் சகோதரன்.

இங்கே காக்கப்படுவது ரெக்ஸின் குணம் மட்டுமல்ல, என் செயலும்கூட. வாட்ஸனின் காயத்தில் எனக்குப் பங்கில்லை. ஆசிரியரின் மறதியைப் பொறுத்துக்கொள்ளலாம். ரெக்ஸ் விஷயத்தில் தீர்மானித்தவன் நான். அதைக் கதை மறந்துவிட்டால் நான் தேர்ந்தது தேர்வே அல்ல என்றாகிறது. பிறகு பொறுப்பு என்ற சொல்லுக்கு அங்கே என்ன வேலை?

கோப்பில்லாமல் இரண்டாம் பாகத்தைத் தொடங்குகிறவருக்கு, ரெக்ஸ் செத்துவிட்டதாக விளையாட்டே வைத்துக்கொள்கிறது. மரணம் இருக்கிறது; அதைத் தீர்மானித்தவர் இல்லை. இதைத்தான் நான் பிசகு என்பேன்.