மறுமுனையில் இருப்பவர்

லாரி ஓட்டிக்கொண்டே போனில் பேசும் டிரைவரைத் திட்டுவது மிகவும் சௌகரியமான காரியம். குற்றவாளி கண்ணெதிரே உட்கார்ந்திருக்கிறான். காக்கிச் சட்டை வேறு போட்டிருக்கிறான். ஆனால் அவன் யாரோடு பேசுகிறான் என்று எவரும் விசாரிப்பதில்லை. பேச்சு என்றால் இருவர் வேண்டுமே!

அரியலூர் வட்டாரத்தில் சுரங்கங்களிலிருந்து சிமெண்டு ஆலைகளுக்குச் சுண்ணாம்புக்கல் ஏற்றும் லாரிகள் ஓயாமல் ஓடுகின்றன. பழைய கடலின் சிப்பிகள் படிந்து இறுகிய கல் அது. ஆறு கோடி வருஷங்களுக்கு மேல் பூமிக்குள் பொறுமையாகக் கிடந்தது, லாரியில் ஏறியதும் பத்து நிமிஷம் பொறுக்காது போலும்! பெரம்பலூர் போகும் சாலையில் ஒரு டீக்கடையில் சந்தித்த டிரைவரிடம், "வண்டி ஓடும்போது போனை எடுக்காமல் இருந்தால் என்ன தம்பி?" என்று கேட்டேன்.

"எங்கே வர்றேன்னு கேப்பாங்க சார். நடைக்கு இவ்வளவுன்னுதான் கூலி. எடுக்கலேன்னா அடுத்த லோடு வேற ஆளுக்குப் போயிடும்."

"வீட்டிலிருந்து கூப்பிட்டால்?"

"அதை எடுக்காம இருக்கவே முடியாதுங்க. எங்கேயோ மோதிட்டேன்னு நெனச்சு அழ ஆரம்பிச்சிடுவா."

உயிரோடிருப்பதை நிரூபிக்க உயிரைப் பணயம் வைக்கிறார்! அவர் உயிரை மட்டுமா? மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் லாரி, போனைப் பார்க்கும் மூன்று விநாடியில் 50 மீட்டர் ஓடிவிடும். அதற்குள் பள்ளிக்கூடம் விட்டு வரும் ஒரு சைக்கிள் இருந்தால் போதும்.

மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019-ஆம் வருஷத் திருத்தம், ஓட்டும்போது போனைக் கையில் வைத்துப் பேசுவதை அபாயகரமான ஓட்டத்தில் சேர்த்திருக்கிறது. முதல் தடவைக்கே ஆறு மாதம் முதல் ஒரு வருஷம் வரை சிறை, அல்லது 1,000 முதல் 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மறுமுனையில் இருந்தவரைப் பற்றி அந்தப் பிரிவில் பேச்சே இல்லை. சட்டத்தின் கை அவ்வளவு நீளம்தான். நான் கேட்பது மனச்சாட்சியைப் பற்றி.

இதே அரியலூருக்கு அருகில் 1956 நவம்பர் 23 அன்று, மருதையாற்று வெள்ளத்தில் தூத்துக்குடி எக்ஸ்பிரஸ் கவிழ்ந்து நூற்றுக்கு மேற்பட்டோர் மாண்டனர். ரயில்வே மந்திரி லால் பகதூர் சாஸ்திரி பதவியை விட்டார். அவர் எஞ்சினையும் ஓட்டவில்லை, பாலத்தையும் கட்டவில்லை. தூரத்தில் இருந்ததை ஒரு சாக்காகக் கொள்ளவில்லை, அவ்வளவுதான்.

லாரி முதலாளியைப் பதவி விலகச் சொல்லவில்லை. 'ஓடும் வண்டிக்குப் போன் செய்ய மாட்டேன். எடுக்காததற்காக நடையைக் குறைக்க மாட்டேன்' என்று அவர் சொன்னால் போதும். அவசரமென்றால் கிளீனரைக் கூப்பிடலாம், கூலி மிச்சமென்று கிளீனரை நிறுத்தாமல் இருந்தால்! வீட்டோடும் ஓர் ஏற்பாடு வேண்டும்: கல்லை இறக்குமிடத்தில் நின்றதும் அவரே கூப்பிடுவார் என்று. வீடு மாற்றும்போது, 'சாமான் எங்கே வருகிறது?' என்று டிரைவரை மணிக்கு நாலு தடவை கூப்பிடும் கனவான்களும் இந்தக் கணக்கில் சேர்த்திதான். அவர்கள் முதலில், "வண்டி ஓடுகிறதா, நிற்கிறதா?" என்று கேட்கட்டும். ஓடுகிறது என்றால் உடனே போனை வைத்துவிடட்டும்.