முடிசூடும் பெருமாள் என்ற பெயர்



வத்தலக்குண்டு வழியாக ஏறினாலும் பழனி வழியாக ஏறினாலும், கோடைக்கானல் போய்ச் சேருமுன் இரண்டு சாலையும் பெருமாள்மலையில் ஒன்று சேரும். அங்கே ஓங்கி நிற்கிற சிகரத்துக்கும் அதே பெயர்தான். பேருந்து நடத்துநர் நாள் முழுக்க அந்தப் பெயரைக் கூவுகிறார். காப்பித் தோட்டத்துக்குக் கூலிக்குப் போகிறவர், மலைப்பூண்டு மூட்டை ஏற்றுகிறவர், சுற்றிப்பார்க்க வந்தவர் எல்லார் வாயிலும் அது வருகிறது. யாரும் யாரையும் தடுப்பதில்லை. அன்புக்கொடி மக்களே, ஒரு மலை சுமக்கிற இந்தப் பெயரை, ஒரு காலத்தில் தெற்கே ஒரு பச்சைப் பிள்ளை சுமக்கக் கூடாது என்றார்கள்.

நம் மக்கள் அறிந்த வரலாறுதான். ஆனாலும் ஆண்பிள்ளை பிறந்து, என்ன பெயர் வைக்கலாம் என்று தேடுகிற வீடுகளில் இதை ஒருமுறை நின்று நினைத்துப் பார்ப்பது நல்லது.

இன்று சாமிதோப்பு என்று நாம் வணங்குகிற ஊர் அன்று திருவிதாங்கூர் அரசின் கீழ் இருந்தது. 1956 நவம்பர் 1 அன்றுதான் அந்தப் பகுதி கன்னியாகுமரி மாவட்டமாகத் தமிழ்நாட்டோடு சேர்ந்தது. அங்கே பொன்னு நாடாருக்கும் வெயிலாள் அம்மைக்கும் 1809-ஆம் ஆண்டில் ஓர் ஆண்பிள்ளை பிறந்தது. அகிலத்திரட்டு அம்மானை இந்தப் பிறப்பைத் தேவ ரகசியத்தோடு சொல்லும். திருஏடு வாசிப்பில் அந்த இடத்தைக் கேட்டவர்களுக்கு அது தெரியும். பெற்றோர் பிள்ளைக்கு இட்ட பெயர் முடிசூடும் பெருமாள்.

பனையை நம்பிப் பிழைத்த சனங்களுக்குள் இப்படி ஒரு பெயர் அதுவரை கேட்காத பெயர். அந்தச் சனங்கள் அன்று எப்படி இருந்தார்கள் என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்ல வேண்டும். குடை பிடிக்கக் கூடாது, செருப்புப் போடக் கூடாது, பொன் நகை அணியக் கூடாது. பெண்கள் தண்ணீர்க் குடத்தை இடுப்பில் வைத்து நடக்கக் கூடாது, தோளை மறைத்துச் சேலை போடக் கூடாது. ஆண்கள் தலையில் துணி கட்டினால் குற்றம். இதோடு தலைக்கு இவ்வளவு என்று வரி வேறு. தலைக்கு வரி உண்டு, தலைப்பாகை மட்டும் கிடையாது.

அந்த நாட்டில் பெருமாள் என்ற சொல்லும் முடி என்ற சொல்லும் யாருக்குச் சொந்தம் என்று பார்த்தால்தான், ஒரு தொட்டில் பிள்ளையின் பெயர் ஏன் அவர்களைச் சுட்டது என்பது விளங்கும். 1750-ல் மார்த்தாண்ட வர்மா மகாராஜா தம் நாட்டை அனந்தபுரத்துப் பத்மநாபப் பெருமாளுக்கு ஒப்படைத்து, தாம் அந்தப் பெருமாளின் தாசன் என்று சொல்லி ஆண்டார். பின்னால் வந்த ராஜாக்களும் பத்மநாப தாசர்கள்தான். பழைய சேர மன்னர்களுக்கும் பெருமாள் என்றே பட்டம் இருந்தது. அப்படியானால் ராஜாவே பெருமாளுக்குத் தாசன். இங்கே ஒரு பனையேறி வீட்டுப் பிள்ளை பெருமாளாகவே இருந்து முடியும் சூடுவானாம்! கணக்குப் போட்டவர்களுக்குக் கணக்கு உதைத்தது. உயர்சாதி என்று சொல்லிக்கொண்டவர்கள் பொறுக்கவில்லை. எதிர்ப்பும் மிரட்டலும் வந்தன. பெயர் முத்துக்குட்டி என்று மாறியது.

பெற்றோர் பணிந்துவிட்டார்களே என்று சிலர் குறையாக நினைப்பதுண்டு. அது சரியல்ல. கையில் பச்சைப் பிள்ளை, எதிரே அதிகாரம். அவர்கள் பெயரைக் கொடுத்துப் பிள்ளையைக் காத்தார்கள்.

அடுத்து நடந்ததுதான் அருமை. முத்துக்குட்டி என்பது முடியையும் பெருமாளையும் எடுத்துவிட்டு வைத்த சின்னப் பெயர். அந்தப் பெயரோடுதான் அவர் வளர்ந்தார், உழைத்தார், நோயில் விழுந்தார். தாயார் அவரைத் திருச்செந்தூர் மாசித் திருவிழாவுக்குக் கொண்டுபோனதும் அந்தப் பெயரோடுதான். கடலுக்குள் போனவர் மூன்றாம் நாள், கொல்லம் 1008 மாசி 20-ல், வைகுண்டராக வெளிவந்தார். கரையில் காத்திருந்த தாயார் மகனே என்று ஓடி வந்தபோது, தாம் இனி நாராயணருக்குப் பிள்ளை என்று அவர் உணர்த்தினார். வீட்டார் இட்ட பெயர், ஊரார் திணித்த பெயர் இரண்டும் அந்தக் கரையோடு நின்றன. வைகுண்டர் என்ற பெயரை மாற்றச் சொல்ல எவருக்கும் வாய் எழவில்லை. 1838-ல் சிங்காரத்தோப்புச் சிறையில் அடைத்தார்கள், அங்கேயும் அவர் வைகுண்டர்தான். அந்த முத்துக்குட்டி என்ற பெயரை இன்று அன்புக்கொடி வீடுகளில் ஆசை ஆசையாகப் பிள்ளைகளுக்கு வைக்கிறோம். சிறுமை என்று நினைத்து வைத்த பெயர் இன்று பெருமையாக அழைக்கப்படுகிறது.

முடி என்ன ஆயிற்று? அதை அய்யா தமக்கென்று திருப்பிக் கேட்கவில்லை. பதிக்கு வருகிற ஒவ்வோர் ஆண்மகனையும் தலைப்பாகை கட்டி வரச் சொன்னார். ஒரு பிள்ளையின் பெயரிலிருந்து பிடுங்கிய முடி, இன்று தாங்கல்தோறும் கூலிக்காரர் தலையிலும் கடைக்காரர் தலையிலும் இருக்கிறது. நெற்றியில் வெள்ளைத் திருமண்ணால் நாமம் சாற்றுகிறோம். நாமம் என்றால் பெயர் என்றும் பொருள் அல்லவா? சாதி கேட்காமல் எல்லார் நெற்றியிலும் ஒரே நாமம். தம் சீடர்களுக்கும் அவர் பஞ்ச பாண்டவர் பெயரையே கொடுத்தார். அகிலம் எழுதிய அரிகோபாலன் சீடரை சகாதேவன் என்று அழைக்கிறோம்.

மலைக்கே திரும்புவோம். பழனியில் முருகன் கோவணத்தோடு ஆண்டியாகவும் நிற்கிறார், அலங்காரம் மாறினால் ராஜாவாகவும் நிற்கிறார். அந்த மலைச் சுற்றில் பழனியாண்டி என்று எத்தனை பேர்! ஆண்டி என்று பெயர் வைத்தால் பிள்ளை பிச்சையெடுப்பான் என்று அங்கே யாரும் பயப்படவில்லை. வேறு விதமான பெயர்களும் நம் ஊர்களில் இருந்தன. முந்திய பிள்ளைகள் தங்காமல் போனால், அடுத்ததைக் குப்பையில் புரட்டி எடுத்துக் குப்பன் என்றார்கள், பிச்சை என்றார்கள். எமன் இதைச் சீந்தாமல் போகட்டும் என்று ஒரு தாய் நினைத்தது அது. பார்க்க அழுக்கான பெயர். அதற்குள் இருந்தது அழுகை.

இன்றைக்கு வருவோம். தெற்கே இருந்து போய் இந்த மலையில் கடை வைத்துப் பிழைக்கிற ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். ஆண்பிள்ளை பிறந்திருக்கிறது. இளையவர்கள் செல்போனில் தேடுகிறார்கள். யாருக்கும் இல்லாத பெயராக இருக்க வேண்டும், ஷ, க்ஷ இருக்க வேண்டும், எண் கூட்டுத்தொகை சரியாக வர வேண்டும். பொருள் என்ன என்று கேட்டால் போனைத்தான் பார்க்கிறார்கள். ஊரிலிருந்து வந்த தாத்தா, "முடிசூடும் பெருமாள்னு வையுங்க மக்கா" என்கிறார்.

மருமகள் தயங்கித்தான் சொல்கிறாள்: "மாமா, பள்ளிக்கூடத்துல எல்லாப் பிள்ளைகளும் முடி முடின்னு கூப்பிடுமே. மொட்டை போட்டா இன்னும் சிரிக்கும். உங்களுக்கு அது அய்யா கதை. அவனுக்கு அது தினமும்."

இந்தப் பேச்சைத் தட்டிவிடக் கூடாது. பெயரைத் தூக்கி நடக்கப் போகிறவன் தாத்தா அல்ல, பேரன். கேலிக்குப் பயந்து பின்வாங்குவதும் அதிகாரத்துக்குப் பயந்து பின்வாங்குவதும் ஒன்றுதான் என்று சிலர் பேசுவார்கள். அப்படிப் பேசுவது எளிது. அன்று அந்தப் பிள்ளைக்குப் பெயர் வைக்க உரிமை இல்லை. இன்று இந்தத் தாய்க்கு வேண்டாம் என்று சொல்லவும் உரிமை இருக்கிறது. அதுவும் அய்யா வாங்கித் தந்ததுதான்.

தாத்தா பக்கமும் ஒரு நியாயம் உண்டு. யாருக்கும் இல்லாத பெயர் வேண்டும் என்று நீங்கள்தானே தேடுகிறீர்கள்? இதைவிட அபூர்வமான பெயர் எந்தப் போனில் கிடைக்கும்? இதற்குப் பொருள் இருக்கிறது, கதை இருக்கிறது, கதையில் நம் பாட்டன் பூட்டன் பட்ட அடி இருக்கிறது. முடி என்று ஒருவன் சிரித்தால், அது தலைமயிர் இல்லை, கிரீடம் என்று சொல்ல ஏழு வயதுப் பிள்ளைக்குத் தெரியும், வீட்டில் சொல்லிக் கொடுத்திருந்தால். சொல்லிக் கொடுக்க நேரம் இல்லாத வீடு இந்தப் பெயரை வைக்க வேண்டியதில்லை. பெயரைப் பிள்ளைக்குக் கொடுத்துவிட்டுக் கதையைக் கொடுக்காமல் விட்டால், மருமகள் சொன்னதுதான் நடக்கும்.

வேறு வழியும் உண்டு. வைகுண்டராஜன், வைகுண்டமணி, முத்துக்குட்டி, அகிலன் என்று எத்தனையோ பெயர்கள் இருக்கின்றன. பெருமாள் என்று மட்டும் வைத்தாலும் பெயரில் பாதி வந்துவிடுகிறது, வாயிலும் எளிதாக வரும். எந்தப் பெயரானாலும் எண்கணிதக்காரருக்கு ஓர் எழுத்து கூட்டிக் குறைத்து, பணம் கொடுத்துக் கெடுக்காமல் இருந்தால் போதும். பயந்து எழுத்தை மாற்றியது ஒருமுறை போதாதா?

அவசரமும் இல்லை. பிறப்பை 21 நாளுக்குள் பதிந்துவிட வேண்டும். பெயரை ஓராண்டுக்குள் கட்டணம் இல்லாமல் சேர்க்கலாம். அதற்குப் பிறகும் தாமதக் கட்டணத்தோடு 15 வயது வரை சேர்க்க இடம் இருக்கிறது. ஆகவே மாமனாரும் மருமகளும் ஒருவரையொருவர் பேசவிட்டுக் கேட்க நாள் நிறைய இருக்கிறது. மகன் நடுவில் வாய் திறக்காமல் கடையைக் கவனிப்பான், அது வழக்கம்தான்.

பேசி ஒரு முடிவுக்கு வந்ததும், பக்கத்தில் உள்ள தாங்கலுக்குப் பிள்ளையை எடுத்துப் போங்கள். மலையில் தாங்கல் தூரம் என்றால் ஊருக்குப் போகிறபோது போகலாம். பிள்ளையின் அப்பாவும் தாத்தாவும் தலைப்பாகை கட்டிக்கொள்ளட்டும். பணிவிடைக்காரர் பிள்ளை நெற்றியில் நாமம் சாற்றட்டும். வைத்த பெயரை முதலில் அம்மா வாயால் கூப்பிட்டுவிட்டு, அதன் பிறகு பதிவு அலுவலகத்துக்குப் போங்கள்.