கூறு முழுமைக்காகப் பேசும் உரிமை: மாதிரியெடுப்பும் உய்த்துணர்தலும் குறித்த ஓர் அறவியல் நோக்கு

முன்னுரை

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது தமிழ் வழக்கிலுள்ள பழமொழி. வடமொழித் தருக்க நூலார் இதனை ஸ்தாலீபுலாக நியாயம் என்று குறிப்பிடுவர். சிறு கூறு ஒன்றினைக் கண்டு முழுமையின் இயல்பை அறியலாம் என்பதே இவ்விரண்டின் பொருளாகும். பானைச் சோற்றின் அளவில் இக்கருத்து பொருந்துகிறது. ஒரே அரிசி, ஒரே நீரில், ஒரே தீயில் வெந்தது; அகப்பை அதனைக் கிளறியும் விட்டது. ஆகவே எந்தப் பருக்கையை எடுத்தாலும் முடிவில் பெரிய வேறுபாடு தோன்றாது. மனிதச் சமூகமோ அவ்வாறு ஒருபடித்தாக வெந்ததன்று. பானையின் அடியில் கருகியவரும் மேலே வேகாதவரும் அதில் உளர். அத்தகைய சமூகத்தில் சிலரைக் கேட்டுப் பலரைப் பற்றி முடிவு கூறுவதற்கு ஆய்வாளர்க்கு என்ன உரிமை உள்ளது என்னும் வினா எழுகிறது. இது கணிதவியலார்க்கு மட்டும் உரிய வினாவன்று. அறவியல் வினாவும் ஆகும். மாதிரியெடுப்பு, புள்ளியியல் உய்த்துணர்தல் ஆகியவற்றின் அடிப்படைகளை இந்திய அனுபவத்தின் பின்னணியில் வைத்து இவ்வினாவை ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

கருதலளவையும் ஐயமும்

காணாததைக் கண்டதன் வழியே அறிதலை இந்தியத் தருக்க மரபு அனுமானம் என்றும், தமிழ் மரபு கருதல் என்றும் வழங்கின. பௌத்தர் கொள்ளும் அளவைகள் காண்டலும் கருதலும் ஆகிய இரண்டே என்பதையும், பிழையான ஏதுக்களால் கருதல் வழுவுறும் வகைகளையும் மணிமேகலையின் 29ஆம் காதை விரிவாகப் பேசுகிறது. புகை கண்ட இடத்தில் நெருப்பு உண்டு எனக் கூறுவதற்கு அவ்விரண்டிற்கும் இடையே விலகாத உடனிகழ்ச்சி, அதாவது வியாப்தி, இருத்தல் வேண்டும். சார்வாகர் இவ்விடத்திலேயே தடை எழுப்பினர். கண்டவை சில அடுக்களைகளே. அவற்றைக் கொண்டு காணாத எல்லா இடங்களுக்கும் பொருந்தும் உறுதியை எவ்வாறு பெறுவது என்பது அவர்தம் வினா. ஐயம் எல்லையின்றி நீண்டால் உலக நடையே நின்றுவிடும் என்பது உதயனர் போன்ற நியாய நூலார் அளித்த விடையின் சாரம்.

புள்ளியியல் இவ்விரு தரப்பிற்கும் இடைப்பட்ட ஒரு நிலையை மேற்கொள்கிறது. சார்வாகர் கூறும் ஐயம் நியாயமானதே என்று அது ஏற்கிறது. ஆயினும் அந்த ஐயத்தின் அளவைக் கணக்கிட முடியும் என்கிறது. ஆராயப்பட வேண்டிய முழுமைத்தொகுதியின் உண்மையான சராசரியோ விகிதமோ பண்பளவை எனப்படும். அது பெரும்பாலும் அறியப்படாதது. மாதிரியிலிருந்து பெறப்படும் எண் அதன் மதிப்பீடு மட்டுமே. இரண்டிற்கும் இடையே இருக்கக்கூடிய தொலைவு எவ்வளவு என்பதைக் கூறுவதே உய்த்துணர்தலின் பணி. உறுதி கிட்டாத இடத்தில் உறுதியின்மையை மறைக்காமல் அளந்து கூறுதல் வாய்மையின் ஒரு வடிவம் எனலாம்.

தேர்வின் நடுவுநிலைமை

மாதிரியெடுப்பு முறைகள் நிகழ்தகவு சார்ந்தவை, சாராதவை என இருவகைப்படும். எளிதில் அணுகத்தக்கோரை மட்டும் கேட்டல், தக்கார் எனத் தாமே கருதியோரைத் தெரிந்தெடுத்தல், ஒருவர் காட்டும் மற்றொருவரை நாடிச் செல்லுதல் ஆகியவை இரண்டாம் வகையின. இவற்றில் ஆய்வாளரின் விருப்பும் வெறுப்பும் அவர் அறியாமலேயே நுழைந்துவிடும். சாலையோரத்து வீட்டைக் கேட்டவர் ஊரின் கடைசித் தெருவுக்குச் செல்லாமல் திரும்பக்கூடும். அவர் பொய் கூறவில்லை, எனினும் அவர் தரும் எண் பொய்யாகலாம்.

எளிய சமவாய்ப்பு மாதிரி இவ்விடரை ஒரு துறவினால் கடக்கிறது. யாரைத் தேர்வது என்னும் அதிகாரத்தை ஆய்வாளர் தம் கையிலிருந்து விடுவித்துச் சமவாய்ப்பு எண்களிடம் ஒப்படைக்கிறார். பாரதத்து நளன் கதையில் இதற்கோர் ஒப்புமை உண்டு. தான்றி மரத்தின் இலையையும் கனியையும் பார்த்த அளவிலேயே எண்ணிக் கூறும் இருதுபன்னன், அவ்வாற்றலும் சூதின் நுட்பமும் தன்னிடம் ஒருங்கே இருப்பதாகக் கூறுகிறான். நளனின் நாட்டைப் பறித்த அதே சூதாட்டக் கவறு, முறையாக அறியப்பட்டபோது எண்ணறிவின் துணையாகிறது. நளன் அரசனின் சொல்லை அப்படியே ஏற்காமல், தேரை நிறுத்தி மரத்தை வெட்டி எண்ணிப் பார்த்த பின்னரே வியக்கிறான் என்பதும் இங்கு நோக்கத்தக்கது.

சமவாய்ப்பு என்பது எல்லோரையும் ஒரே அளவில் நடத்துதல் என்று மட்டும் பொருள்படாது. தொகுதியைப் பிரிவுகளாக வகுத்து ஒவ்வொன்றிலிருந்தும் தனித்தனியே எடுக்கும் அடுக்கு மாதிரியில், சிறுபான்மைப் பிரிவினர் தம் விகிதத்தினும் மிகுதியாகத் தேர்ந்தெடுக்கப்படலாம். பின்னர்க் கணக்கிடுகையில் உரிய எடை அளித்து அது சமன் செய்யப்படும். ஊர்களை முதலில் தேர்ந்து அவற்றுள் வீடுகளைத் தேரும் பலகட்ட மாதிரியிலும் இந்நெறியே செயற்படுகிறது. ஒவ்வோர் அலகிற்கும் தேர்வு பெறும் வாய்ப்பு சுழியாக இருத்தலாகாது. அவ்வாய்ப்பின் அளவும் அறியப்பட்டிருத்தல் வேண்டும். இந்த இரண்டு நிபந்தனைகளே கூறு முழுமைக்காகப் பேசும் உரிமையை வழங்குகின்றன.

பிழையை உரைத்தல்

முழுமையாக எண்ணுவதே உண்மைக்கு நெருக்கமானது, மாதிரி அதற்குக் குறைந்த ஒரு மாற்று என்னும் எண்ணம் பரவலாக உள்ளது. வங்காளச் சணல் அளவீடுகள் இவ்வெண்ணத்தை அசைத்தன. 1931இல் கல்கத்தாவில் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தை நிறுவிய பிரசாந்த சந்திர மகலனோபிசு (1893-1972), 1937 முதல் சணல் பயிரிடப்படும் பரப்பை மாதிரி முறையில் மதிப்பிடும் பணியை மேற்கொண்டார். 1940களில் அரசு நிலந்தோறும் நடத்திய முழு எண்ணிக்கையும் மாதிரி மதிப்பீடும் பின்னர் வணிகப் புள்ளிவிவரங்களோடு ஒப்பிடப்பட்டபோது, மாதிரி மதிப்பீடே அவற்றிற்கு மிக அருகில் நின்றது. முழு எண்ணிக்கை ஏறத்தாழ ஆறில் ஒரு பங்கு குறைந்து காணப்பட்டது. பல்லாயிரம் பேரை அவசரமாக அமர்த்தி எண்ணச் செய்வதைக் காட்டிலும், நன்கு பயிற்றப்பட்ட சிலர் கவனமாக எண்ணுவது நம்பத்தக்கதாயிற்று. இவ்வனுபவத்தின் தொடர்ச்சியாகவே 1950இல் தேசிய மாதிரி அளவாய்வு தொடங்கப்பெற்றது.

மாதிரியால் விளையும் பிழை, திட்டப்பிழை என்னும் அளவால் அறியப்படும். அதனைப் பாதியாகக் குறைக்க மாதிரியின் அளவை நான்கு மடங்காக்க வேண்டும். இக்கணக்கிற்கு உட்படாத பிழைகளும் உண்டு. பயிர் விளைச்சலை அறியச் சிறு பரப்புகளை வெட்டி எடை காணும் முறையில், பரப்பு மிகச் சிறிதாயின் விளைச்சல் உண்மையினும் கூடுதலாகத் தோன்றுவதை பி. வி. சுகாத்மே 1940களில் எடுத்துக்காட்டினார். எல்லைக்கோட்டின்மேல் நிற்கும் பயிரை உள்ளே சேர்த்துக்கொள்ளும் இயல்பு அறுப்போர் கைக்கு உண்டு; பரப்பு சிறுத்தால் எல்லையின் பங்கு மிகும். இடத்தைச் சமவாய்ப்பு முறையில் தேர்ந்திருப்பினும், அளக்கும் கையின் சாய்வை அம்முறை நீக்குவதில்லை. மாதிரியின் அளவைப் பெருக்கினாலும் இச்சாய்வு குறையாது. பிழையான எண்ணின்மேல் நம்பிக்கை மட்டுமே பெருகும்.

மகலனோபிசு கையாண்ட ஊடுருவும் துணைமாதிரி முறை இவ்வகையில் குறிப்பிடத்தக்கது. ஒரே பகுதியில் இரண்டு துணைமாதிரிகளைத் தனித்தனிக் குழுவினர் ஒருவரையொருவர் சாராது ஆய்வர். இரு முடிவுகளும் பெரிதும் வேறுபடின் பணியில் குறையுண்டு என்பது புலப்படும். தன்னைத் தானே ஐயுறும் ஏற்பாட்டை ஆய்வின் அமைப்பிலேயே பொதிந்து வைத்தமை இம்முறையின் அறச்சிறப்பாகும்.

முடிவைக் கூறும் மொழியிலும் இவ்வறம் வேண்டப்படுகிறது. 95 விழுக்காட்டு நம்பிக்கை இடைவெளி என்பது, கையிலுள்ள இந்த இடைவெளிக்குள் உண்மை இருப்பதற்கான வாய்ப்பு 95 விழுக்காடு என்று பலரால் தவறாகப் பொருள்கொள்ளப்படுகிறது. இதே முறையைப் பலமுறை பின்பற்றினால், பெறப்படும் இடைவெளிகளுள் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து உண்மைப் பண்பளவையைத் தம்முள் கொண்டிருக்கும் என்பதே அதன் பொருள். நம்பிக்கை முறையின்மேல் வைக்கப்படுகிறது. தனியொரு முடிவின்மேல் அன்று.

கருதுகோள் சோதனையில் இரு பிழைகள் நேரக்கூடும். ஒரு மாவட்டத்தில் உணவுப் பற்றாக்குறை இல்லை என்பதை இன்மைக் கருதுகோளாகக் கொள்வோம். பற்றாக்குறை இல்லாதபோது இருப்பதாக முடிவு செய்தல் முதல்வகைப் பிழை. இருக்கும்போது காணத் தவறுதல் இரண்டாம் வகைப் பிழை. முன்னதன் இழப்பைக் கருவூலம் ஏற்கும். பின்னதன் இழப்பைப் பசித்தவர் தம் உடலால் ஏற்பர். மாதிரியின் அளவு மாறாதிருக்க, ஒன்றைக் குறைத்தால் மற்றது மிகும். 5 விழுக்காடு என்னும் வழக்கமான வரம்பை இயற்கை வகுத்துத் தரவில்லை. எந்தப் பிழை யாரைச் சுடும் என்பதை எண்ணியே அதனைத் தீர்மானித்தல் வேண்டும். கணித மொழியில் எழுதப்பட்டிருப்பினும் அது ஓர் அறத்தீர்ப்பே ஆகும்.

சட்டகத்தின் வெளியே நிற்போர்

மாதிரி எடுக்கப்படும் பட்டியலுக்குச் சட்டகம் என்று பெயர். திட்டப்பிழை சட்டகத்தினுள் இருப்போரைப் பற்றி மட்டுமே பேசும். 10ஆம் நூற்றாண்டு உத்தரமேரூர்க் கல்வெட்டு கூறும் குடவோலை முறை இதற்குத் தக்க சான்று. குடத்திலிட்ட ஓலையைச் சிறுவன் ஒருவனைக் கொண்டு எடுக்கச் செய்தமை தேர்வில் சாய்வைத் தவிர்க்கும் அரிய ஏற்பாடாகும். ஆயினும் நிலவுடைமை, சொந்த மனையில் வீடு, வயது, வேதக்கல்வி முதலிய தகுதிகள் உடையோர் பெயரே குடத்திற்குள் சென்றது. குலுக்கல் நடுநிலையானது, குடம் அத்தகையதன்று.

1943ஆம் ஆண்டு வங்கப் பஞ்சம் இச்சிக்கலின் கொடிய வடிவத்தைக் காட்டுகிறது. மகலனோபிசு தம் உடன் ஆய்வாளர்களோடு பஞ்சத்தின் பின்விளைவுகளை ஊர்தோறும் மாதிரி முறையில் ஆராய்ந்தார். அதன் முடிவுகள் 1946இல் சங்க்யா இதழில் வெளிவந்தன. நிலத்தையும் மாட்டையும் இழந்து குடும்பங்கள் வறுமைக்குள் சரிந்தமையை அறிய அவ்வாய்வு பெரிதும் உதவியது. எனினும் இத்தகைய எந்தக் குடும்ப ஆய்வும் பஞ்சத்திற்குப் பின் கதவைத் திறக்க எவரேனும் எஞ்சியிருக்கும் வீட்டையே கேட்க இயலும். ஒருவரும் மிஞ்சாது அழிந்த குடும்பம் எந்த மாதிரியிலும் இடம்பெறாது. மிகுதியாகத் துன்புற்றோரே மிகுதியாக மௌனமாக்கப்படுகின்றனர். ஊர்க்காவலர் வழியே நிகழ்ந்த இறப்புப் பதிவும் அக்காலத்தில் தளர்வுற்றிருந்தது. 1945இல் பஞ்ச விசாரணை ஆணையம் இறந்தோர் தொகையை ஏறத்தாழ 15 இலட்சம் என மதிப்பிட்டது; அமர்த்தியா சென் 1981இல் வெளியிட்ட நூலில் அது 30 இலட்சத்தை ஒட்டியதாக அமைந்தது. இரண்டு எண்களுக்கும் இடைப்பட்ட வெளியில் எண்ணப்படாத உயிர்கள் நிற்கின்றன.

பிற்காலத்திலும் இச்சிக்கல் முற்றிலும் நீங்கவில்லை. தேசிய மாதிரி அளவாய்வின் நுகர்வுச் செலவு ஆய்வுகளில், பாலத்தின் அடியிலோ சாலையோரத்திலோ ஓரிடத்தில் நிலையாகத் தங்குவோர் பட்டியலில் சேர்க்கப்படுவர். நிலையான தங்குமிடம் அறவே இல்லாது அலைவோர் சேர்க்கப்படுவதில்லை. அனாதை இல்லங்கள், ஆசிரமங்கள் முதலியவற்றில் வாழ்வோரும் சட்டகத்திற்குப் புறம்பாவர். நடைமுறைக் காரணங்கள் இதற்கு உண்டு. இவ்வரையறைகளை அளவாய்வின் அறிக்கைகளே வெளிப்படையாகக் கூறுகின்றன. 2021இல் நிகழவேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்பு தள்ளிப்போனமையால், 2011ஆம் ஆண்டுப் பட்டியல்களே நெடுங்காலம் சட்டகங்களுக்கு அடிப்படையாக அமைந்தன. வறுமையின் விழுக்காடு பேசப்படும்போது, மிக வறியோருள் ஒரு பகுதியினர் அவ்விழுக்காட்டின் மேலெண்ணிலும் கீழெண்ணிலும் இல்லை என்பது நினைவில் நிற்றல் வேண்டும்.

இலக்கிய ஆய்விற்குரிய பாடம்

இவ்வுண்மை தமிழாய்விற்கும் புறம்பானதன்று. சங்கத் தொகை நூல்களைக் கொண்டு அக்காலச் சமூகத்தை வரையும் ஆய்வுகள் பல. தொகை நூல்களோ சமவாய்ப்பு மாதிரிகள் அல்ல. குறுந்தொகைக்கு 4 முதல் 8 அடி, நற்றிணைக்கு 9 முதல் 12 அடி, அகநானூற்றுக்கு 13 முதல் 31 அடி என அளவு வகுத்துத் தொகுப்போர் தெரிந்தெடுத்தவை அவை. தொகுப்பில் சேராத பாடலும், ஏட்டில் ஏறாத பாடலும், ஏறியும் செல்லரித்த பாடலும் சட்டகத்திற்கு வெளியே உள்ளன. இன்ன பொருள் இத்தனை பாடல்களில் வருகிறது என எண்ணிக் கூறுதல் பயனுடையதே. அவ்வெண்ணைத் தொகுப்பின் இயல்பாகக் கூறலாம். சமூகத்தின் இயல்பாக உரைக்கும்போது, எஞ்சியவற்றைக் கொண்டு அழிந்தவற்றைப் பேசுகிறோம் என்பதை ஆய்வாளர் அறிவிக்கக் கடமைப்பட்டவர். ஒரு வட்டாரத்தில் அறிமுகமானோர் சிலரிடம் கேட்டு ஒரு வழக்காற்றை மக்கள் அனைவர்க்கும் உரியதாகக் கூறும் கள ஆய்வுகளுக்கும் இது பொருந்தும்.

முடிவுரை

கூறு முழுமைக்காகப் பேசும் உரிமை இயல்பாக வாய்ப்பதன்று. நிபந்தனைகளுக்கு உட்பட்டே அது பெறப்படுகிறது. தேர்வில் தன் விருப்பத்தை விலக்குதல், முடிவோடு பிழையின் அளவையும் உரைத்தல், எப்பிழை யாரைத் தாக்கும் என ஆராய்தல், சட்டகத்திற்குள் வாராதோர் இன்னார் எனப் பதிவு செய்தல் ஆகியவை அந்நிபந்தனைகள். முதல் இரண்டையும் புள்ளியியல் நூல்கள் விரிவாகக் கற்பிக்கின்றன. மூன்றாவதைச் சூத்திரம் தீர்மானிக்க இயலாது. நான்காவதை எந்தக் கணக்கும் தானாகக் காட்டாது. விடுபட்டோரைத் தேடிச் செல்லும் மனம் ஆய்வாளரிடம் இருந்தாலன்றி அவர்கள் இல்லாதவராகவே எஞ்சுவர். அனுமானத்தின் செம்மையும் அறத்தின் செம்மையும் ஒன்றையொன்று வேண்டி நிற்கும் இடம் இதுவே என்பது இவ்வாய்வினால் பெறப்படுகிறது.