ஆற்றுமுகத்து மீகாமர்

பெரியாற்றின் முசிறித் துறைமுகத்தைப் பேசும் கி.பி. முதல் நூற்றாண்டுக் கிரேக்க நூலாகிய 'பெரிப்ளூஸ்', நர்மதை முகத்துப் பரூச்சில் அரசனின் ஊழியத்திலிருந்த ஒரு மீனவ சமூகத்தையும் வர்ணிக்கிறது. அவர்கள் பெரிய படகுகளில் சௌராஷ்டிரக் கரைவரை எதிர்சென்று, அந்நிய மரக்கலங்களை மணல்திட்டுகளினூடே நடத்தி, ஓதம் ஏறத் தொடங்கியதும் இழுத்துச் சென்று, ஓதம் வடிந்தால் குறித்த மடுக்களில் நிறுத்திக் காத்திருந்தார்கள்.

குருவும் அத்தகைய வழிகாட்டியே: மானிட சரீரத்தைத் தோணியாகவும் குருவை மீகாமனாகவும் உருவகிக்கிறது பாகவதம். அப்படியானால், சரணடைந்த சீடனுக்கு இனி ஒரு பொறுப்பும் இல்லையா? ஆற்றுவழிகாட்டி ஏறிய பின்னரும் கப்பலின் பொறுப்பு அதன் தலைவனை விட்டு நீங்குவதில்லை என்பது பெரும்பாலான துறைமுகங்களில் இன்றும் நிலவும் கடல்வழக்கு. சரணாகதியையும் அவ்வாறே கொள்ளவேண்டும் என்பது என் துணிபு. திட்டு எங்கே, ஆழம் எங்கே என்று குரு அறிவார். ஆயினும் நம் கர்மம் அவர் தலையில் ஏறிவிடாது. நீரை வரவழைக்கும் சக்தி அந்த மீனவருக்கு இருந்ததில்லை. அதுபோலவே, ஈசுவர கிருபை ஏறும் வேளைவரை சீடனோடு சேர்ந்து குருவும் காத்திருக்கவேண்டியவரே என்று நான் மெய்யாகவே நம்புகிறேன்.