வாடகை வீடும் அடைக்கலப் பொருளும்

திண்டிவனம், வந்தவாசி, செய்யாறு வட்டாரங்களிலுள்ள நம் ஊர்களில் வாடகை வீடு என்னும் சொல்லுக்கு ஒரு காலத்தில் வேலையே இருந்ததில்லை. நிலமும், நிலத்தை ஒட்டிய வீடும், வீட்டிலிருந்து நடந்து செல்லும் தூரத்தில் ஜினாலயமுமாக வாழ்ந்தவர் நாம். கல்வியும் உத்தியோகமும் நம்மை நகரங்களுக்கு அழைத்தபோதுதான் பிறர் கூரையின் கீழ் வாழும் வாழ்வு நமக்கு அறிமுகமாயிற்று. இன்று நம்மவருள் வாடகைக்கு இருப்பவரும் உளர். வாடகைக்கு விடுபவரும் உளர். இவ்விரு நிலையிலும் இருந்தவன் என்ற முறையில் என் மனத்தை நெடுநாள் உறுத்திய ஒரு கேள்வியை இங்கே எடுத்துரைக்க விழைகின்றேன்.

எந்தையார் உத்தியோகம் காரணமாக நாங்கள் கடலூர் மஞ்சக்குப்பத்தில் குடியேறியபோது எனக்குப் பத்து வயது. வீட்டுக்குரிய மூதாட்டியார் எங்கள் குலம் யாதென வினவினார். 'நயினார்' என்று எந்தையார் கூற, அது அவருக்கு விளங்கவில்லை. பொழுது சாய்ந்தபின் உண்ணமாட்டோம் என்று என் அன்னையார் சொன்னதும், "அப்படியானால் பிற்பகலில் கிணற்றடி முதலில் உங்களுக்குத்தான்" என்றார் அவர். நான்கு குடித்தனங்களுக்கு ஒரே கிணறு. அன்னையார் நீர் இறைத்து, துணியில் வடித்து, கதிரவன் மறையுமுன் சமைத்து முடிக்க வேண்டும். நாங்கள் அங்கிருந்த ஏழாண்டுகளும் அந்த முறை மாறவில்லை. வாடகைச் சீட்டில் கிணற்றடி முறை எழுதப்படவில்லை என்பதை நான் பின்னாளில்தான் எண்ணிப் பார்த்தேன்.

கடலூருக்கும் நமக்குமுள்ள உறவு புதியதன்று. உலகவிபாகம் என்னும் நூலைச் சர்வநந்தி முனிவர் பாடலிகையில் சக ஆண்டு 380இல், அதாவது கி.பி. 458இல், எழுதினார் என்று அந்நூலின் பிற்கால வடமொழி வடிவம் கூறுகிறது. அப்பாடலிகை இன்றைய திருப்பாதிரிப்புலியூரே என்பது ஆய்வாளர் பலரின் கருத்து. அங்கிருந்த சமணப் பள்ளிகள் பின்னர் இடிக்கப்பட்டு, அவற்றின் பொருள்களைக் கொண்டு திருவதிகையில் குணபரவீச்சரம் எழுப்பப்பட்டது எனப் பெரியபுராணம் உரைக்கும். அப்பள்ளிகளில் வாழ்ந்த முனிவர்கள் அவற்றைத் தமக்குரியன என்று கருதியவர் அல்லர். தத்வார்த்த சூத்திரத்தின் ஏழாம் அத்தியாயம் கள்ளாமை விரதத்தைக் காக்கும் ஐந்து பாவனைகளைச் சொல்லுமிடத்து, யாருமற்ற இடத்தில் தங்குதல், பிறர் விட்டு நீங்கிய இடத்தில் தங்குதல், தாம் தங்கிய இடத்திற்கு வரும் பிறரைத் தடுக்காதிருத்தல் என மூன்றை உறைவிடம் பற்றியே வைத்தது வியப்புக்குரியது. திருடாமைக்கும் வீட்டுக்கும் என்ன தொடர்பு என இளமையில் நான் குழம்பியதுண்டு. தங்கும் இடத்தைத் தனதென எண்ணத் தொடங்குவதே களவின் வித்து என்பது நூலோர் கருத்துப் போலும்.

இவை துறவியர்க்கு உரைத்தவை. இல்லறத்தார்க்கு அப்படியே பொருந்தா என்பதை அறிவேன். எனினும் மூன்றாவது பாவனையை நினைக்கும்போது, 'புலால் உண்ணாதவர்களுக்கு மட்டும்' என நம் வீட்டு வாயில்களில் தொங்கும் பலகை என் கண்முன் வருகிறது. ஒரே கூரையின் கீழ்ப் புலால் சமைக்கப்படுவதை விரும்பாமை நம் விரதத்தின்பாற்பட்டது. அதில் குறை காண மாட்டேன். ஆனால் அப்பலகையைக் காட்டிக் குலம் கேட்டு அனுப்பிவிடுவோரும் நம்மிடையே உண்டு. அது கொல்லாமையன்று, குலச் செருக்கு. நற்காட்சிக்கு மாசாகும் எண்வகைச் செருக்கினுள் அதுவும் ஒன்றென்று நாமே படித்திருக்கிறோம். அன்று அந்த மூதாட்டியார் அவ்வாறு செய்திருந்தால் நாங்கள் எங்கே போயிருப்போம்?

இனி என் கேள்விக்கு வருகிறேன். திருப்பாதிரிப்புலியூரில் நான் கட்டிய வீட்டின் மாடிப் பகுதியில் 2004ஆம் ஆண்டு முதல் ஒரு குடும்பத்தார் குடியிருந்தனர். முன்பணம் பதினைந்தாயிரம். பின்னர் வாடகை உயர்ந்தபோது மேலும் ஐயாயிரம் தந்தனர். கணக்குகளைக் கவனித்த அவ்வீட்டுத் தலைவர் 2009இல் காலமானார். அடுத்த ஆண்டு அந்த அம்மையார், சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்ற மகனுடன் வாழ எண்ணி வீட்டைக் காலி செய்தார். முன்பணம் எவ்வளவென்று கேட்டேன். "பதினைந்தாயிரம் ஐயா" என்றார். என் நெஞ்சில் ஒரு சிறு ஐயம் தோன்றியது. கணக்கு நோட்டு அலமாரியில் இருந்தது. நான் எழவில்லை. "ஆமாம் அம்மா" என்று எண்ணிக் கொடுத்தேன்.

2011 டிசம்பர் 30 அன்று தானே புயல் கடலூரைச் சூறையாடியதை வாசகர்கள் மறந்திருக்கமாட்டார்கள். எங்கள் அலமாரியும் நனைந்தது. தையில் நோட்டுகளைப் பிரித்து வெயிலில் காயவைத்தபோது அந்த ஐயாயிரத்தின் வரவு என் கையெழுத்திலேயே இருந்தது.

இது பொய்யா, களவா? வாய்மை விரதத்தின் அதிசாரங்களுள் நியாசாபகாரம் ஒன்று. நியாசம் என்பது அடைக்கலமாக வைத்த பொருள். வைத்தவர் அளவை மறந்து குறைத்துக் கேட்டால், 'அவ்வளவுதான்' என்று ஒப்புக்கொண்டு மீதியை வைத்துக்கொள்வதே அக்குற்றம் என உரைகாரர் விளக்குவர். நூலோர் அதனைக் களவில் சேர்க்காது பொய்யில் சேர்த்தது ஏன்? கை எதையும் எடுக்கவில்லை; 'ஆமாம்' என்ற ஒரு சொல்லே எடுத்தது. 'எனக்குத் திண்ணமாகத் தெரியாதே' என நான் எனக்குச் சொல்லிக்கொண்டேன். தெரிந்துகொள்ள மூன்றடி நடந்தால் போதும் என்னும்போது தெரியாமையும் ஒரு சூழ்ச்சியே. வரிச் சலுகைக்காகக் கொடுக்காத வாடகைக்கு ரசீது பெறுதலும், ஒப்பந்தத்தில் வாடகையைக் குறைத்து எழுதுதலும் அதே பட்டியலில் உள்ள பொய்ச்சீட்டு எழுதுதலே ஆகும். அவற்றை நம்மில் எத்தனை பேர் குற்றமென நினைக்கிறோம்? 2019 முதல் நடைமுறையிலுள்ள தமிழ்நாட்டு வாடகைச் சட்டம், வேறு உடன்பாடு இல்லாவிடத்து, முன்பணத்தை மூன்று மாத வாடகைக்குள் நிறுத்துகிறது. எழுத்து ஒப்பந்தத்தையும் வற்புறுத்துகிறது. நல்லதுதான். ஆயினும் அலமாரி வரை நடப்பதைச் சட்டம் எப்படி வற்புறுத்தும்?

நண்பர் சிலர், "அத்தொகையை ஆலயத்திற்கு அளித்துவிடும்" என்றனர். சமந்தபத்திர ஆசாரியர் உணவு, மருந்து, உபகரணம் ஆகியவற்றுடன் உறைவிடத்தையும் தானமாகக் கூறுகிறார். எனினும் தானம் செய்யப் பொருள் முதலில் நம்முடையதாக இருக்கவேண்டுமே! பிறர் பணத்தில் நான் புண்ணியம் தேடுவது முன்னதினும் பெரிய பிழையாகும்.

ஆகவே சிதம்பரம் சென்றேன். அந்த அம்மையார் இரண்டாண்டுகளுக்குள் மூன்று வீடுகள் மாறியிருந்தார். மளிகைக் கடைக்காரர் ஒருவர் வழி காட்ட, மாலையில் கண்டுபிடித்தேன். நிகழ்ந்ததைச் சொல்லி, ஐயாயிரத்துடன் இடைப்பட்ட காலத்து வங்கி வட்டியையும் சேர்த்துக் கொடுத்தேன். தாங்கள் மறந்துவிட்டீர்கள், நானும் பார்க்கத் தவறிவிட்டேன் என்றேன்.

"மறக்கவில்லை ஐயா" என்றார் அவர். "இருபது என்று அவர் எழுதிவைத்திருந்தார். ரசீது அகப்படவில்லை. ரசீது இல்லாமல் இருபது என்று சொன்னால் என்னைப் பற்றி என்ன நினைப்பீர்களோ என்றுதான் குறைத்துச் சொன்னேன். தாங்களே சொல்வீர்கள் என்று சற்றுநேரம் நின்றேன்."

பொழுது சாயுமுன் உணவு கொள்ள வேண்டுமே என்று நினைவு வைத்து, உடனே சிற்றுண்டி எடுத்து வந்தார்.