புலிக்கால் முனிவரும் பீடிக்கட்டுப் படமும்

உத்திரமேரூரை அடுத்த திருப்புலிவனத்திலே எழுந்தருளியிருக்கும் வியாக்ரபுரீசுவரரை வழிபட்டவர், வண்டு வாய்வைக்குமுன் மலர் கொய்து அருச்சிக்க வேண்டுமென்னும் ஆராமையினால், இருளிலும் மரமேறுதற்குப் புலியின் காலையும் கண்ணையும் ஈசனிடமே வரமாக வேண்டிப் பெற்ற வியாக்கிரபாத முனிவர் என்பது ஐதிகம். பிறர் கை படுமுன் ஒன்றைத் தாம் அடையவேண்டுமென்னும் அந்தத் தவிப்பைப் பழம்படம் சேகரிப்போரிடமும் காணலாம். ஆயினும், முனிவர் கொய்தது சமர்ப்பித்தற்கு, இவர்கள் தேடுவது வைத்துக்கொள்வதற்கு என்னும் பேதம் சிறிதன்று.

புகையிலை விளம்பரங்களையே எடுத்துக்கொள்வோம். முக்கூடல் சொக்கலால் ராம்சேட் பீடி, திண்டுக்கல் அங்குவிலாஸ் புகையிலை என்று ஊர்தோறும் பேர்பெற்றிருந்த சரக்குகளின் பழைய உறைகளும் தகரப் பலகைகளும், 2003-இல் இயற்றப்பட்ட சட்டம் புகையிலை விளம்பரத்தையே தடைசெய்துவிட்ட இக்காலத்தில், அரும்பொருள்களாகிவிட்டன. கோவில்பட்டியில் ஓவியர் கொண்டையராஜுவும் அவர் மாணாக்கரும் எழுதிய லக்ஷ்மியும் முருகனும், சிவகாசியில் அச்சாகி, அடியில் இத்தகைய சரக்கு விற்ற வணிகர் பெயர் தாங்கி, நாட்காட்டிகளாக வீடுதோறும் புகுந்த காலத்தவை அவை. நோய் தரும் சரக்குக்குத் தெய்வத்தைச் சாட்சியாக நிறுத்திய காகிதத்தைப் போற்றுவது அபசாரமன்றோ எனின், அபசாரம் நிறுத்தியவனைச் சேரும். காகிதத்தைக் கிழித்தால் அவன் செய்ததற்குச் சாட்சியும் போய்விடும். வணிகர் பெயரை வெட்டியெறிந்து, படத்தை மட்டும் கண்ணாடி போட்டுப் பூஜையறையில் மாட்டிய நம் பாட்டிமார் இவ்விவாதத்தைக் கத்தரிக்கோலாலேயே முடித்துவிட்டார்கள். ஆனால் சேகரிப்போனுக்கோ அவர்கள் எறிந்த துண்டே சரித்திரம்.

இவ்வளவு பாடுபட்டுத் தேடிய படத்தை இணையத்தில் பகிர்ந்த மறுநாளே வேறொருவர் தமதென்று வெளியிடக் கண்டு மனம் நொந்தவர்கள், இப்போது தெய்வத்தின் திருமுகத்துக்குக் குறுக்கே தம் பெயரைப் பதிக்கிறார்கள். யார் பொருளுக்கு யார் முத்திரை? 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டப்படி, ஓவியர் மறைந்த பின்னும் 60 ஆண்டுகள் உரிமை நீடிக்கும். 1976-இல் மறைந்த கொண்டையராஜு தம் கையெழுத்திட்டு எழுதிய படங்களுக்கு அக்காவல் 2036 முடிய உண்டு. தேடியலைந்ததும் விலைகொடுத்ததும் தூசி துடைத்ததும் மெய்யே; அச்சிரமத்தைப் பிறர் அறியச் சொல்லிக்கொள்வதும் நியாயமே. அதற்குமேல் ‘எனது’ என்று எழும் மமகாரத்துக்குத்தான் ஆதாரம் காணோம்.

சோழர் காலத்தார் தம் தானங்களைப் பெட்டகத்தில் ஒளித்துவைக்கவில்லை. திருப்புலிவனத்திலும் உத்திரமேரூரிலும், மற்றும் எத்தனையோ ஊர்களிலும், இன்னார் இன்ன அரசரின் இன்ன ஆண்டில் இன்னது கொடுத்தார் என்று வருவோர் போவோரெல்லாம் காணும்படி கோயிற் சுவரிலேயே வெட்டிவைத்தார்கள். சிவாலயச் சாசனங்கள் பல ‘பன்மாகேசுவர இரட்சை’ என்று முடிந்து, காவலைப் பூட்டிடம் விடாமல் அடியார் கூட்டத்திடம் ஒப்படைத்தன. படத்தின் அடியிலும் அவ்வாறே, எக்கடையின் விளம்பரம், எந்த அச்சகம், எவ்வாண்டு, யார் சேகரம் என்று எழுதிவிட்டால், கவர்ந்தவன் பொய்யை விஷயமறிந்த எவரும் கண்டுபிடிப்பர். அதையும் வெட்டுவார் இருப்பர்தாம். பாட்டிமாராவது பக்தியினால் வெட்டினார்கள்.

காரைக்குடியை அடுத்த கோட்டையூரிலே, விளம்பரப் பலகை எழுதும் ஓவியராயிருந்த ரோஜா முத்தையா, நூல்களோடு துண்டுப் பிரசுரங்களையும் திருமண அழைப்பிதழ்களையும்கூட வாழ்நாளெல்லாம் சேர்த்தார். 1992-இல் அவர் மறைந்தார். 1994-இல் அச்சேகரம் சென்னையில் அவர் பெயராலேயே ஆராய்ச்சி நூலகமாயிற்று. அங்குள்ள தாள்களைப் பார்க்க விரும்பும் மாணவர் இன்றைக்கும் போய்க் கேட்கலாம்.